தருமபுரி மாவட்டக் கல்லூரிகளில் விளையாட்டும் படிப்பும்

கல்லூரியில் படித்துக்கொண்டே மாவட்ட, பல்கலைக்கழக, தேசிய அளவிலான போட்டிகளில் ஆடும் மாணவர்கள் வகுப்பு, தேர்வு, பயிற்சி ஆகிய மூன்றையும் ஒருசேரச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சிக்கல் உலகின் எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. ஆனால் தருமபுரி போன்ற மாவட்டத்தில் இதன் கனம் கூடுதல். இங்கே கல்லூரிக்கு வரும் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பைத் தொட்டவர்கள். விளையாட்டில் தோற்றாலும் வாழ்க்கை நடக்கும். பட்டம் கைநழுவினால் குடும்பத்தின் பல ஆண்டு எதிர்பார்ப்பும் சேர்ந்து நழுவிவிடும். இக்கட்டுரை அந்தச் சிக்கலின் வரலாற்றையும், இன்றைய விதிகளையும், இரண்டையும் ஒருசேர நடத்திக் காட்டியவர்களையும் பற்றியது.

மாவட்டமும் கல்லூரிகளும்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 2004 பிப்ரவரி 9 அன்று இதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 15 லட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் ஆறில் ஒரு பங்கினர் மட்டுமே நகரங்களில் இருந்தனர். அதே கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்தின் எழுத்தறிவோ 80.09 விழுக்காடு. தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுவே கடைசி இடம்.

மாவட்டம் பிறந்த அதே 1965ஆம் ஆண்டில் தருமபுரி அரசு கலைக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு பட்டப்படிப்புக்கு மாணவர்கள் சேலத்துக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்தது. 2008இல் அரசு மருத்துவக் கல்லூரியும், 2013இல் செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரியும் வந்தன. பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், பாலக்கோடு ஆகிய ஊர்களில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளும், காரிமங்கலத்தில் பெண்களுக்கான அரசுக் கல்லூரியும் உருவாயின. 1997 செப்டம்பர் 17 அன்று சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன.

இந்தக் கடைசி மாற்றம் விளையாட்டு மாணவர்களுக்கு முக்கியமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த காலத்தில், தருமபுரி மாணவர் ஒருவர் பல்கலைக்கழக அணியில் இடம்பிடிக்க நினைத்தால், நல்ல மைதானமும் பயிற்சியாளர்களும் கொண்ட சென்னைக் கல்லூரிகளின் மாணவர்களோடு மோத வேண்டும். தேர்வுப் போட்டிக்கே இரவுப் பயணம் செய்ய வேண்டும். சேலம் சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. காலையில் புறப்பட்டு, ஆடிவிட்டு, இரவில் வீடு திரும்பலாம். ஒரு போட்டிக்கு மூன்று நாள் வகுப்பு போவதும், ஒரே நாள் போவதும் படிப்புக்கு மிகப் பெரிய வேறுபாடு.

கல்லூரி விளையாட்டின் தொடக்கம்

ஓட்டமும் மல்லும் சடுகுடும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. எருது விடும் விழா இன்றும் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் நடக்கிறது. ஆனால் விளையாட்டைக் கல்வி நிறுவனத்தின் நேர அட்டவணைக்குள் கொண்டுவந்தது ஆங்கிலேயர் காலத்துக் கல்லூரி முறை. சென்னை மாகாணத்தில் இதற்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஹாரி குரோ பக். அவர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆசியாவில் எழுந்த தொடக்ககால நிறுவனங்களில் இது ஒன்று. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடும் பக் பணியாற்றினார். இக்கல்லூரியில் பயின்றவர்கள் மாகாணம் முழுவதும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சென்றார்கள். மாணவர்கள் ‘பி.டி. மாஸ்டர்’ என்று அழைக்கும் ஆசிரியர் அப்படித்தான் ஊர்ப் பள்ளிகளுக்கு வந்தார்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் பழமையானவற்றுள் ஒன்று 1935இல் தொடங்கிய ரோகிண்டன் பாரியா கோப்பைக் கிரிக்கெட். 1925இல் உருவான பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியம் பின்னர் பிற விளையாட்டுகளுக்கும் போட்டிகளை நடத்தத் தொடங்கியது. அதுவே 1973இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று பெயர் மாறியது. ஒட்டுமொத்தத்தில் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956–57 முதல் வழங்கப்படுகிறது. 2020இல் புவனேசுவரத்தில் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் முதன்முறையாக நடைபெற்றன.

இன்றைய ஏணி இதுதான்: கல்லூரி அணி, கல்லூரிகளுக்கு இடையிலான மண்டலப் போட்டி, பல்கலைக்கழக அணிக்கான தேர்வும் பயிற்சி முகாமும், தென்மண்டலப் போட்டி, அகில இந்தியப் போட்டி. ஒவ்வொரு படி ஏறும்போதும் வகுப்பறையிலிருந்து விலகியிருக்கும் நாட்கள் கூடுகின்றன. வெற்றி பெறப் பெற வகுப்பு இழப்பு அதிகமாகும் என்பது இந்த அமைப்பின் இயல்பு. முதல் சுற்றில் தோற்ற மாணவர் மறுநாள் வகுப்பில் இருப்பார். வென்றவர் இன்னொரு மாநிலத்துக்கு இரயிலில் போய்க்கொண்டிருப்பார்.

இரண்டு நாட்காட்டிகள்

1990களுக்குப் பின் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பருவத்தேர்வு முறை பரவியது. ஆண்டுக்கு ஒரு தேர்வு இருந்த காலத்தில், போட்டிக்காலம் முடிந்த பின் மாணவர் இரண்டு மாதம் ஊன்றிப் படித்துத் தேறிவிட முடிந்தது. பருவமுறையில் அந்த இடைவெளி இல்லை. நவம்பரில் ஒரு தேர்வு, ஏப்ரலில் ஒரு தேர்வு. இவற்றுக்கு முன்னால் அகமதிப்பீட்டுத் தேர்வுகள், ஒப்படைப்புகள், செய்முறைத் தேர்வுகள். மண்டலப் போட்டிகளும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளும் பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை நடப்பவை. இரண்டு நாட்காட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

வருகைப் பதிவு இன்னொரு நெருக்கடி. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுதப் பொதுவாக 75 விழுக்காடு வருகை தேவை. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், 68 நாட்கள் வந்திருக்க வேண்டும். 22 நாட்கள் மட்டுமே விடுபடலாம். மண்டலப் போட்டிக்கு 3 நாள், பல்கலைக்கழக முகாமுக்கு 10 நாள், தென்மண்டலப் போட்டிக்குப் பயணத்தோடு 7 நாள் என்றால் 20 நாட்கள் முடிந்துவிட்டன. அதன்பின் ஒரு காய்ச்சலுக்கும் வீட்டில் ஒரு துக்கத்துக்கும் மீதி இருப்பது இரண்டே நாள்.

இதற்காகவே ‘ஓ.டி.’ என்று மாணவர்கள் சொல்லும் பணிநிமித்த வருகை வழங்கப்படுகிறது. கல்லூரிக்காகவோ பல்கலைக்கழகத்துக்காகவோ ஆடிய நாட்களை உடற்கல்வி இயக்குநர் சான்றளித்தால், முதல்வரின் ஒப்புதலோடு அவை வருகையாகக் கணக்கிடப்படும். இந்த ஏற்பாடு மாணவரைத் தேர்வுக்கூடத்துக்குள் அனுமதிக்கிறது. ஆனால் அவர் இல்லாதபோது நடத்தப்பட்ட பாடத்தை அது திருப்பித் தராது. கணிதம், இயற்பியல், கணக்கியல் போன்ற பாடங்களில் இரண்டு வார வகுப்பு விட்டுப்போனால் அடுத்த அலகே புரியாது. ஆய்வகப் பயிற்சியைத் தோழரின் குறிப்பேட்டைப் பார்த்து ஈடுசெய்யவும் முடியாது. விளையாட்டு மாணவர்களின் ‘அரியர்’ பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. சோம்பல் என்று ஆசிரியர்கள் எண்ணுவது பல நேரங்களில் விட்டுப்போன ஓர் அலகின் விளைவாக இருக்கிறது.

தருமபுரியில் இதோடு தூரமும் சேர்கிறது. அரூரிலிருந்து தருமபுரி சுமார் 40 கிலோமீட்டர். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களிலிருந்து வருபவர்களுக்குப் பேருந்துகள் குறைவு. மாலை 4 மணிக்குத் தொடங்கும் பயிற்சி 6 மணிக்கு முடிந்தால், வீடு சேர இரவாகிவிடும். வீட்டில் மாட்டுக்குத் தீவனம், தோட்டத்தில் தக்காளி பறிப்பு, மாங்காய்ப் பருவ வேலை என்று மாணவரின் கை தேவைப்படும். அரசுக் கல்லூரிகள் பலவற்றில் நடைமுறைக்கு வந்த இருசுழற்சி வகுப்பு முறை சிலருக்கு உதவியது. வகுப்பு அரை நாளில் முடிவதால் மீதி நேரத்தில் பயிற்சியோ கூலி வேலையோ செய்ய முடிந்தது. இரண்டையும் செய்தவர்களுக்குப் படிக்க நேரம் இல்லாமற்போனது.

பெண்களுக்கு வரும் தடை வேறு வகையானது. பள்ளியில் மாவட்ட அளவில் ஓடிய பெண், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் காலணியைக் கழற்றிவிடுவது இங்கு அரிதன்று. இளவயதுத் திருமணம் இம்மாவட்டத்தின் நீண்டகாலச் சிக்கல். வெளியூரில் தங்கி ஆட அனுப்பத் தயங்கும் பெற்றோரும் உண்டு. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும், 2022 செப்டம்பர் முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் இவர்களைக் கல்லூரியில் நிலைக்கச் செய்ய உதவுகின்றன. கல்லூரியில் நிலைத்தால்தான் கல்லூரி அணியும் உண்டு.

சான்றிதழும் பட்டமும்

விளையாட்டில் வென்றால் வேலை கிடைத்துவிடும், படிப்பு எதற்கு என்ற எண்ணம் மாணவர்களிடையே உண்டு. விதிகளைப் படித்தால் அது பாதி உண்மை என்று தெரியும்.

நடுவண் அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் நேரடி நியமனத்தில் 5 விழுக்காடு வரை விளையாட்டு வீரர்களைக் கொண்டு நிரப்பலாம். பன்னாட்டுப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்குப் படிவம் 4 என்று சான்றிதழ்கள் வகுக்கப்பட்டுள்ளன. கல்லூரி மாணவர் பல்கலைக்கழக அணியில் இடம்பெறத் துடிப்பதன் பொருள் இதில் இருக்கிறது: படிவம் 3 பெற அதுவே வழி. தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. ஆனால் இந்த நியமனங்களில் அந்தந்தப் பணிக்குரிய கல்வித் தகுதியும் கேட்கப்படுகிறது. வயதில் சலுகை கிடைக்கலாம். பட்டம் கேட்கும் பணிக்குப் பட்டம் இல்லாமல் போக முடியாது. ஆகவே மூன்று அரியரோடு கல்லூரியை விட்டு வெளியேறிய வீரர், கையில் நல்ல சான்றிதழ் இருந்தும் விண்ணப்பிக்க முடியாத நிலைக்கு ஆளாகிறார்.

சேர்க்கையிலும் ஒதுக்கீடு உண்டு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பாகவே விளையாட்டு வீரர்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்குக் கலந்தாய்வு நடக்கிறது. பொறியியல் சேர்க்கையில் 500 இடங்களும், மருத்துவச் சேர்க்கையில் சில இடங்களும் விளையாட்டுப் பிரிவுக்கு உள்ளன. சேர்ந்தபின் அந்தப் பாடத்தைத் தாங்க வேண்டும் என்பதை மாணவர்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதில்லை. கோட்டாவில் இடம் கிடைத்தது என்பதற்காக, பள்ளியில் விருப்பமில்லாமல் படித்த ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுப்பவர் மைதானத்திலும் நிம்மதியாக ஆட முடியாது.

இரண்டையும் நடத்திக் காட்டியவர்கள்

ஓமலூர் அருகே பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, தருமபுரி மாணவர்களுக்கு மிக அருகில் உள்ள முன்மாதிரி. 1995இல் பிறந்த அவருக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலதுகால் சிதைந்தது. தாய் சரோஜா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரின் ஊக்கத்தால் உயரம் தாண்டுதலுக்கு வந்தார். 2013இல் பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரது திறமையைக் கண்டுகொண்டார். அதே காலத்தில் சேலம் ஏ.வி.எஸ். கல்லூரியில் வணிக மேலாண்மைப் பட்டப்படிப்பையும் முடித்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிஸில் வெண்கலமும் பெற்றார். அவரது புகழ் பட்டப்படிப்புக்குப் பின் வந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். படித்த ஆண்டுகளில் பதக்கம் வரும் என்ற உறுதி எதுவும் அவருக்கு இல்லை.

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்றுகொண்டே 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் மாற்றுத்திறனாளிகளுக்கான இறகுப்பந்தில் வெள்ளி வென்றார். கால்நடை மருத்துவம் உள்ளுறைப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுப் படிப்பு. ஆய்வகமும் மருத்துவமனைப் பணியும் நிறைந்த தொழிற்படிப்பை எடுத்தவர்கள் விளையாட முடியாது என்ற கருத்துக்கு இவர் மறுப்பு.

மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, பாட்டியின் உழைப்பில் வளர்ந்தவர். வெறுங்காலோடு ஓடிய அவரைப் பயிற்சியாளர் கண்ணன் அடையாளம் கண்டார். மதுரை லேடி டோக் கல்லூரியில் பயின்ற அவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஊருக்கு வெளியே ஒரு பெண்ணை அனுப்பச் சம்மதித்த ஒரு பாட்டியும், அவரிடம் பேசிப் புரியவைத்த ஒரு பயிற்சியாளரும் இல்லையென்றால் இந்த ஓட்டம் இல்லை.

கிரிக்கெட்டில் இந்த மரபு பழையது. எஸ். வெங்கட்ராகவன் 1965இல் நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் முதல் டெஸ்டில் ஆடியபோது அவருக்கு வயது 19. கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர். அதே கல்லூரியில் மின்பொறியியல் படித்த கே. ஸ்ரீகாந்த் 1981இல் இந்திய அணிக்கு வந்தார். ஆர். அஸ்வின் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் பயின்றவர். சதுரங்கத்தில் விசுவநாதன் ஆனந்த் 1987இல் உலக இளையோர் பட்டம் வென்று, 1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல் பட்டமும் பெற்றார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2024 டிசம்பரில் உலகச் சதுரங்கச் சாம்பியனான டி. குகேஷ், நான்காம் வகுப்புக்குப் பின் முழுநேரப் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியவர். அவரது தந்தை அறுவைசிகிச்சை மருத்துவர், தாய் நுண்ணுயிரியலாளர். பலன் கிடைக்காமற்போனால் தாங்கிக்கொள்ளக்கூடிய குடும்பம் எடுத்த முடிவு அது. மழையை நம்பிக் கேழ்வரகு பயிரிடும் குடும்பம் அதே முடிவை எடுத்தால், அதன் ஆபத்து பன்மடங்கு.

இந்திய வரலாற்றில் மறக்கக் கூடாத பெயர் டாக்டர் டி. ஆவ். நாகா மலைப்பகுதியில் பிறந்த இவர், கொல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டே 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணியின் தலைவராக ஆடினார். மகன் மருத்துவராக வேண்டும் என்பது அவர் தந்தையின் விருப்பம். 1950இல் எம்.பி.பி.எஸ். முடித்து ஊர் திரும்பி மருத்துவப் பணி செய்தார். இங்கிலாந்தில் ரோஜர் பானிஸ்டர் 1954 மே 6 அன்று ஒரு மைல் தூரத்தை முதன்முறையாக நான்கு நிமிடத்துக்குள் ஓடியபோது மருத்துவ மாணவர். மதிய உணவு இடைவேளையில்தான் பயிற்சி செய்தார். குறைந்த நேரத்தில், கால் மைல் தூரத்தை இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடுவது அவரது முறை. நேரம் குறைவாக இருக்கும் கல்லூரி மாணவருக்குப் பயிற்சியின் நீளத்தைவிடத் தரம் முக்கியம் என்பதற்கு அது நல்ல சான்று.

பிற நாடுகளின் ஏற்பாடுகள்

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை ஒழுங்குபடுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1906இல் தோன்றியது. பயிற்சி படிப்பை விழுங்குவதைக் கண்டு, 1991 முதல் போட்டிக்காலத்தில் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம், நாளொன்றுக்கு 4 மணி நேரம் என்று வரம்பு விதித்தது. குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாதவர் ஆட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் ‘இரட்டைப் பாதை’ என்ற கருத்தை முன்வைத்து வழிகாட்டுதல்களை உருவாக்கியது. வீரரின் கல்வியையும் விளையாட்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தியாவில் 2018இல் பதினைந்து வயது துப்பாக்கிச் சுடும் வீரர் அனிஷ் பன்வாலாவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வும் காமன்வெல்த் போட்டியும் மோதின. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் அவருக்குத் தேர்வை வேறு நாளில் நடத்தியது. அவர் ஆஸ்திரேலியாவில் தங்கம் வென்று திரும்பினார். தேசிய, பன்னாட்டுப் போட்டிகளில் ஆடும் பள்ளி மாணவர்களுக்கு அந்த வாரியம் சிறப்புத் தேர்வு நடத்துகிறது. கல்லூரிப் பருவத்தேர்வில் இதே வசதி எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. தேர்வைத் தவறவிட்ட மாணவர் அடுத்த பருவத்தில் அதை அரியராக எழுத நேர்ந்தால், நாட்டுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ ஆடியதற்கான விலையை அவர் மட்டுமே கொடுக்கிறார்.

நடைமுறையில் உதவுபவை

இரண்டையும் நடத்திய மாணவர்களின் வாழ்க்கையிலும் கல்லூரி நடைமுறையிலும் சில பொதுக் கூறுகள் தென்படுகின்றன.

பருவத்தின் முதல் வாரத்திலேயே போட்டி நாட்களையும் அகமதிப்பீட்டுத் தேர்வு நாட்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது முதலாவது. மோதும் நாட்களை உடற்கல்வி இயக்குநரிடமும் துறைத் தலைவரிடமும் முன்கூட்டியே சொன்னால், மறுதேர்வு கேட்பது எளிது. போட்டி முடிந்து வந்து கேட்பவருக்குப் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும்.

பணிநிமித்த வருகைக் கடிதத்தை அந்தந்த வாரமே ஒப்படைப்பது இரண்டாவது. பருவ இறுதியில் பழைய போட்டிகளின் சான்றிதழ்களைத் தேடி அலைந்து, வருகை குறைந்து தேர்வுக்கட்டணம் கட்ட முடியாமல் நிற்பது தவிர்க்கக்கூடிய துன்பம்.

வகுப்பில் ஒரு தோழரிடம் குறிப்புகளை வாங்கும் ஏற்பாடு மூன்றாவது. விட்டுப்போன பாடத்தைத் திரும்பிய ஒரு வாரத்துக்குள் படித்துவிட வேண்டும். இரயில் பயணமும், ஆட்டமில்லாத முகாம் மாலைகளும் இதற்கு உதவும்.

உறக்கமும் உணவும் நான்காவது. அதிகாலை 5 மணிக்கு மைதானத்துக்கு வந்து, இரவு 12 மணி வரை படிக்கும் மாணவர் சில வாரங்களில் இரண்டிலும் பின்தங்குவார். உறக்கம் குறைந்தால் காயம் படும் வாய்ப்பு கூடும். படித்தது நினைவில் நிற்காது.

கல்லூரியின் பங்கும் உண்டு. விளையாட்டு மாணவருக்கென ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றுப் பருவத்துக்கு இரண்டு முறை அவரது மதிப்பெண்ணைப் பார்த்தாலே, அரியர் சேர்வது பெருமளவு குறையும். கோப்பையோடு வரும் மாணவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும் கல்லூரி, அவர் விட்ட பத்து வகுப்புகளை மாலையில் நடத்தித் தந்தால் அதுவே பெரிய பரிசு.

மதிப்பீடு

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் மாநிலம் 38 தங்கம் உட்பட 98 பதக்கங்களுடன் இரண்டாம் இடம் பிடித்தது. மாவட்ட அளவிலிருந்து தொடங்கும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரிப் பிரிவும் உள்ளது. ஆகவே தருமபுரி மாணவருக்கு ஆட வாய்ப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது. வாய்ப்பு கூடும்போது வகுப்பிழப்பும் கூடும்.

ஒரு வீரரின் போட்டிக்காலம் பெரும்பாலும் முப்பது வயதுக்கு முன்பின்னாக முடிந்துவிடும். அதன்பின் வரும் முப்பது ஆண்டு உழைப்புக்குப் பட்டமும் தொழில்திறனுமே துணை. முழங்கால் சவ்வு கிழிந்தால் அந்தக் காலம் இருபது வயதிலேயே முடிந்தும் போகலாம். மறுபுறம், மைதானம் கற்றுத்தரும் ஒழுங்கும், தோல்வியைத் தாங்கும் மனமும், ஊர் தாண்டிப் பழகும் துணிவும் முதல் தலைமுறை மாணவருக்கு வகுப்பறையில் எளிதாகக் கிடைப்பவை அல்ல. அதனால்தான் இரண்டில் ஒன்றை விடச் சொல்லும் அறிவுரை அவருக்குப் பயன்படுவதில்லை. வருகை, தேர்வு நாள், மாலை வகுப்பு, பேருந்து ஆகிய சிறு சிறு ஏற்பாடுகளே அவர் இரண்டையும் முடித்து வெளியே வருவாரா என்பதைத் தீர்மானிக்கின்றன.